கழுவுவதற்கு முன் பாருங்கள்: நீலகிரி சைக்கிள் பயணத்துக்குப் பிறகு செய்ய வேண்டியவை

பத்து நாள் மலையில் ஓட்டிவிட்டு வீடு திரும்பியதும் கை தானாகத் தண்ணீர்க் குழாயைத் தேடும். சைக்கிளைக் கழுவி, துணியைத் துவைத்து, பைகளைப் பரணில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்த அவசரத்தில்தான் பயணம் சொல்லிக்கொடுத்ததில் பாதி சாக்கடையில் போகிறது. ரிம்மில் படிந்த கறுப்பு மாவு, டயரில் ஏறிய முள், கேரியர் போல்ட்டைச் சுற்றிப் பெயின்டில் விழுந்த மயிரிழைக் கீறல், இடக்கைச் சுண்டுவிரலில் இன்னும் போகாத மரப்பு என்று எல்லாமே சாட்சிகள். எங்கே சைக்கிள் தாங்கவில்லை, எங்கே சுமை தவறு, எங்கே ஓட்டியவர் தவறு என்று அவை பிரித்துச் சொல்லும். எனவே இரண்டு நாள் சைக்கிளைக் கழுவாதீர்கள். பைகளையும் முழுதாகக் காலி செய்யாதீர்கள்.

விதிவிலக்கு ஈரமானவை மட்டும். மழைச்சட்டை, டென்ட், தூங்கும் பை, காலணி ஆகியவற்றை அன்றைக்கே நிழலில் விரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்த ஈரத்துணியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதன் கறையும் வாடையும் பிறகு முழுதாகப் போகாது.

முதல் வேலை ஒரு நோட்டு. அளவு எடுக்கும் முன்பே, நினைவு சூடாக இருக்கும்போதே எழுதுங்கள். எந்த இறக்கத்தில் பயந்தீர்கள், எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளினீர்கள், மழை வந்ததும் பையில் எதைத் தேடினீர்கள், அது எத்தனையாவது பொருளுக்கு அடியில் இருந்தது, எந்த மாலையில் யாரோடும் பேசப் பிடிக்காமல் போயிற்று. பயணம் எந்த மாதம் என்பதையும் தலைப்பிலேயே எழுதுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம் பக்கம் நனையும். வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நனையும். ஒரே பாதைதான், ஆனால் ஜூலையில் தேயும் செயினும் பிப்ரவரியில் தேயும் செயினும் ஒன்றல்ல. மாதம் எழுதாத குறிப்பு அடுத்த முறை உங்களையே ஏமாற்றும்.

பிரேக்: முதலில், நிதானமாக

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 95 கிலோ என்றால், அந்த 1,900 மீட்டரை இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் அயர்ன் பாக்ஸை அரை மணி நேரம் ஓட விடுவது போல. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 6 சதவீதச் சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மெதுவாக இறங்கினால், முக்கால் பங்கு பிரேக்கின் தலையில்தான் விழும். அதனால்தான் சமவெளியில் ஆறு மாதம் வராத தேய்மானம் மலையில் ஆறு நாளில் வந்துவிடுகிறது.

ரிம் பிரேக் என்றால் நான்கு பிரேக் கட்டைகளையும் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று குறித்து, வரிசையாக வையுங்கள். கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஒரே சக்கரத்தின் இரண்டு கட்டைகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் சமமாக இல்லை, அல்லது சக்கரம் நடுவில் உட்காரவில்லை. கட்டையின் முகத்தில் வெள்ளி மாதிரி மின்னும் புள்ளிகள் ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்குகள். அவை அங்கேயே இருந்தால் ரிம்மை அரம் மாதிரி ராவிக்கொண்டே இருக்கும். ஊக்கு முனையால் நோண்டி எடுத்துவிட்டு, முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் கட்டை மறுபடி பிடிக்கும்.

அடுத்து முன் கட்டைகளையும் பின் கட்டைகளையும் ஒப்பிடுங்கள். இதைத்தான் பலர் பார்ப்பதேயில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் கட்டை மட்டும் கரைந்து முன் கட்டை புதிதாகவே இருந்தால், நீங்கள் முன் பிரேக்குக்குப் பயந்து இறங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அதற்கு மருந்து விலை உயர்ந்த கட்டை அல்ல. ஆளில்லாத தெருவில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிறுத்திப் பழகுவதுதான்.

ரிம்மின் பக்கவாட்டில் விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் நகம் தட்டினால் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கிறது. பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் அந்த ரிம்மில் இன்னொரு மலை இறங்கக்கூடாது. மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துகொள்ளும். அது பெரும்பாலும் இறக்கத்தில், ரிம் சூடேறிய நேரத்தில் நடக்கும்.

டிஸ்க் பிரேக்கில் பேடை வெளியே எடுத்து, உலோகத் தகட்டை விட்டுவிட்டு உராயும் பொருளின் தடிமனை மட்டும் பாருங்கள். 0.5 மி.மீ. அளவுக்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மலைக்குப் போவதென்றால் 1 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஷிமானோ ரோட்டர் (பேடுகள் பிடிக்கும் உலோக வட்டு) புதிதில் 1.8 மி.மீ., 1.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். மற்ற தயாரிப்புகளின் அளவு பெரும்பாலும் ரோட்டரிலேயே பொறித்திருக்கும். ரோட்டர் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் நீங்கள் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கியிருக்கிறீர்கள். பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருப்பதும் அதே கதைதான். உப்புத்தாளில் தேய்த்து, பிறகு சமதரையில் வேகமெடுத்துப் பாதி வேகத்துக்குக் குறைப்பதை 15, 20 தடவை செய்தால் பிடிப்பு திரும்பும். எண்ணெய் ஊறிய பேடை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கிறது. மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் திரவம் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், மாற்றிச் செய்தாலும் அப்படித்தான். பிரேக்கின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும் பாதையில் 43. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, வெளியே வந்ததும் மறுபடி பிடிப்பதுதான் முறை. இடையில் விடும் அந்தச் சில விநாடிகளில்தான் ரிம்மும் ரோட்டரும் மூச்சு விடுகின்றன. அடுத்த இறக்கத்துக்கு எழுதி வைக்க வேண்டிய பாடம் இது ஒன்றே என்றாலும் போதும்.

செயினும் கியரும்

செயினை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டால் அங்குலக் குறியுள்ள எஃகு ஸ்கேல் போதும். செயினை இறுக்கமாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 அங்குலத்தில் பாருங்கள். அங்கே இன்னொரு பின்னின் நடு சரியாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 11, 12 கியர் கேசட்டுக்கு (பின் சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) இது கண்டிப்பான எல்லை. 8, 9, 10 கியருக்குச் சற்றுத் தாமதிக்கலாம். எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினோடு கேசட்டும் போயிற்று. தேய்ந்த கேசட்டில் புதுச் செயினை மாட்டினால் அழுத்தி மிதிக்கும்போது பல் வழுக்கும். அதைச் சோதிக்க மலை வரை போக வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்து மேம்பாலத்தில் ஒவ்வொரு கியராக மிதித்துப் பாருங்கள்.

செயினின் நிறமும் பேசும். செம்மண் கலந்த தடித்த கறுப்புப் பசை என்றால் எண்ணெய் அதிகம் விட்டிருக்கிறீர்கள், அது மண்ணைப் பிடித்து அரைத்திருக்கிறது. ஆரஞ்சுத் துரு என்றால் மூடுபனியில் ஓட்டிவிட்டு இரவில் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். லாட்ஜில் கிடைத்த தேங்காய் எண்ணெயை விட்டிருந்தால் அதையும் குறியுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டிக் காலைக் குளிரில் அது செயினுக்குள் மெழுகாக நிற்கும், கீழே இறங்கியதும் உருகிப் புழுதியைச் சேர்க்கும்.

பார்த்து முடித்த பிறகு சுத்தம். துணியில் மண்ணெண்ணெய் அல்லது டீசலை நனைத்துச் செயினை அதற்குள் பிடித்தபடி பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணி கறுப்பாவது நிற்கும்வரை துணியை மாற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். கால் மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை வறட்டுத் துணியால் அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் இருக்க வேண்டிய இடம் உருளைக்குள்ளேதான், வெளியே பளபளப்பது மண்ணுக்கு அழைப்பு. ரோட்டரிலோ ரிம்மிலோ தெறிக்காமல் ஒரு பழைய செய்தித்தாளைக் குறுக்கே பிடியுங்கள். மோட்டார் சைக்கிள் வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் விடாதீர்கள். அந்த வேகத் தண்ணீர் ஹப், பெடல் அச்சு, ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) ஆகியவற்றின் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். கேடு இரண்டு மாதம் கழித்துத்தான் கரகரவென்று தெரியும்.

இனி கியர் விகிதம். இதற்குத் தேவை போனில் பதிவான வேகமும் ஒரு பெருக்கல் கணக்கும். முன் பல்லை பின் பல்லால் வகுத்து, 700 அளவுச் சக்கரத்துக்கு 2.15 மீட்டரால் பெருக்கினால் பெடல் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறீர்கள் என்று வரும். முன்னால் 34, பின்னால் பெரியது 28 என்றால் 2.6 மீட்டர். ஏற்றத்தில் உங்கள் பதிவு மணிக்கு 6 கி.மீ. என்று காட்டினால், நிமிடத்துக்கு 38 சுற்றுதான் மிதித்திருக்கிறீர்கள். அது மிதிப்பதல்ல, முட்டியால் சைக்கிளைத் தூக்குவது. பயணம் முடிந்து முட்டியின் முன்பக்கம் வலித்தால் அந்த வலிக்கு இந்தக் கணக்கே விளக்கம்.

நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் 34-28 கியரில் 8 சதவீத மேட்டில் மிதிக்க 210 வாட் அளவுக்குத் தேவை. அதே 60 சுற்றில் 30-34 கியரில் மணிக்கு 7 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகப் போகலாம், 150 வாட் போதும். ஓரளவு பழகிய ஆள் மணிக்கணக்கில் தாங்குவது இரண்டாவதைத்தான். மலை ரயிலுக்கும் இதே கதி. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளத்தில் போகிற வண்டி, அதற்குமேல் குன்னூர் வரை 12க்கு 1 என்ற சரிவில் பல்தண்டவாளத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. சைக்கிளுக்குச் சின்ன கியர்தான் அந்தப் பல்தண்டவாளம். அதை வைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

பெரிய கேசட் வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். பின் டிரெயிலருக்கு (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கை) எத்தனை பல் வரை கொள்ளளவு என்று அதன் மாடல் விவரத்தில் இருக்கும். 34 பல்லை மாட்டினால் பழைய செயின் நீளம் போதாது. முன்பக்கம் சிறிய பல்சக்கரம் மாற்றுவது பல சமயம் மலிவாக முடியும். பஸ் மேலோ ரயிலிலோ சைக்கிளை ஏற்றி வந்திருந்தால் டிரெயிலர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். வளைந்த ஹேங்கரோடு கடைசிக் கியருக்குப் போனால் டிரெயிலர் கம்பிகளுக்குள் நுழையும்.

சக்கரம், டயர், பிரேம்

பின் சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் அமுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வீணைத் தந்தி மாதிரி மீட்டுங்கள். செயின் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி, அடுத்து உடையப்போவதும் அநேகமாக அதுவே, ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில். ஒரு கம்பி உடைந்தால் ஒன்றை மாற்றி பெண்டு எடுத்தால் போதும். ஒரே பயணத்தில் மூன்று உடைந்திருந்தால் மொத்த சக்கரத்தையும் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள், சுமையையும் குறையுங்கள்.

டயரைக் கழற்றி உள்புறத்தை வெளியே திருப்பி, வளைத்துப் பாருங்கள். விரலை உள்ளே ஓட்டும்போது பஞ்சைப் பிடித்துக்கொண்டு தடவினால் முள் பஞ்சில் சிக்கும், விரலில் ஏறாது. மசினகுடி பக்கத்து முட்காட்டு முள் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கும். அடுத்த மாதம் காரணமே இல்லாமல் பஞ்சர் ஆவது அதனால்தான். ஒட்டுப்போட்ட டியூப்களைத் தூக்கிப்போடும் முன் ஓட்டையைப் படியுங்கள். பாம்புக்கடி போல இரண்டு ஓட்டைகள் என்றால் காற்று குறைவாக வைத்து பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. வால்வு அடியில் கிழிசல் என்றால் பம்பைச் சாய்த்து அடித்திருக்கிறீர்கள். ஒட்டிய பட்டையே பெயர்ந்திருந்தால் சொல்யூஷன் காயுமுன் ஒட்டியிருக்கலாம், அல்லது ரிம் சூடு அதை இளக்கியிருக்கும்.

பிரேமில் கேரியர் பொருந்தும் காதுகள், சீட் குழாயின் கழுத்து, பெடல் அச்சுக் கூட்டின் அடி, இந்த மூன்று இடங்களை ஈரத்துணியால் துடைத்து டார்ச்சு அடித்துப் பாருங்கள். பெயின்டில் நேர்க்கோடாக ஒரு கீறல், அதில் துருவோ கறுப்போ கசிந்தால் அது வெடிப்பு. நகத்தால் தட்டிப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள், வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அலுமினியப் பிரேம் என்றால் வெல்டு வைப்பதைவிட பிரேமை மாற்றுவதே பத்திரம். கேரியரின் 5 மி.மீ. போல்ட்டுகளை எல்லாம் கழற்றி, மரையில் லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். பெடலைக் கழற்றிக் கிரீஸ் வைக்கும்போது இடது பெடலுக்குத் தலைகீழ் மரை என்பது நினைவிருக்கட்டும்.

சுமையை நிறுப்பது

பைகளில் இருப்பதைத் தரையில் கொட்டி நான்கு குவியலாகப் பிரியுங்கள். தினமும் தொட்டவை, ஓரிரு முறை தொட்டவை, தொடவேயில்லை ஆனால் இருந்தாக வேண்டியவை, தொடவேயில்லை தேவையுமில்லை. மூன்றாவது குவியலில் நேர்மை வேண்டும். செயின் இணைப்பு, டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்கும் துண்டு, மாற்றுக் கம்பி இரண்டு, முதலுதவிப் பொருட்கள், கைவிளக்கு. இவை பயன்படாததே நல்ல பயணத்தின் அடையாளம், அதனால் வீட்டில் விடக்கூடாது. நான்காவது குவியலைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எண்ணை எழுதுங்கள்.

அந்த எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். 150 வாட்டில் மிதிக்கும் ஒருவருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஒரு கிலோ கூடுதல் சுமையின் விலை சுமார் இரண்டு நிமிடம். ஐந்து கிலோ குறைத்தால் நாள் முழுதும் மிச்சம் பத்து நிமிடம். ஒரு டீக்கடையில் வர்க்கியோடு உட்காரும் நேரம் அதைவிட அதிகம். அதனால் 300 கிராம் குறைப்பதற்காகப் பல ஆயிரம் கொடுத்துப் பொருள் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எடையைவிட அது இருந்த இடம் முக்கியம். எல்லாவற்றையும் பின்னால் கட்டியவருக்குச் செங்குத்தில் முன் சக்கரம் மிதக்கும், இறக்கத்தில் ஹேண்டில் உதறும், பின் கம்பி உடையும். மூன்று நான்கு கிலோவை முன்பக்கத்துக்கு, சக்கர அச்சு உயரத்துக்கு இறக்கினால் இந்த மூன்றுமே குறையும்.

பெரிய பொருளில் கேள்வி கேட்க வேண்டியது டென்ட்டைத்தான். டென்ட், விரிப்பு, தூங்கும் பை சேர்ந்து பெரும்பாலும் நான்கு கிலோவுக்குக் குறையாது. முதுமலையிலும் காப்புக்காடுகளிலும் கூடாரம் போட முடியாது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் எல்லாம் ஒரு நாள் தூரத்துக்குள் அறை கிடைக்கும் ஊர்கள். நீலகிரிக்கு மட்டும் போவதென்றால் அதை வீட்டிலேயே விடலாம் என்பது எங்கள் தீர்மானம்.

குவியல்களைவிடப் பயனுள்ள ஒரு பட்டியல் உண்டு: வழியில் வாங்கியவை, இரவல் வாங்கியவை. ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர், மார்புக்குள் செருகிய செய்தித்தாள், கடையில் கேட்டு வாங்கிய கயிறு. உங்கள் பட்டியலில் எது விட்டுப்போயிற்று என்று இவை நேராகச் சொல்லும். பெரும்பாலானோருக்கு இங்கே வருவது ஒரே விஷயம், இறக்கத்துக்கான உடை. ஏறும்போது வேர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே இறங்கினால் குளிர் எலும்பில் ஏறும், விரல் விறைத்துப் பிரேக் லிவரை அழுத்த முடியாமல் போகும். உச்சியில் மாற்ற ஒரு உலர்ந்த பனியன், காற்றுத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை, முழுவிரல் கையுறை. மூன்றும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள். பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

தண்ணீர்ப் பாட்டில்களைத் திறந்து மோந்து பாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் விற்பனைக்குத் தடை இருப்பதால், சொந்தப் பாட்டில்தான் கதி. வெந்நீரில் ஆப்பசோடா கலந்து இரவு முழுக்க ஊறவிட்டு, மூடியின் ரப்பர் வளையத்தைத் தனியே கழற்றித் தேயுங்கள். வாடையும் கறுப்பும் தங்குவது அந்த வளையத்துக்கு அடியில்தான்.

உடம்பின் கணக்கு

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருப்பது மணிக்கட்டின் அந்தப் பக்கத்து நரம்பு நசுங்கியதால். நாட்கள், சில சமயம் வாரங்களில் சரியாகும். விரல்களுக்கிடையே ஒரு தாளைப் பிடிக்கவே வலுவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சைக்கிளில் காரணம் பெரும்பாலும் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருப்பது, உடல் முன்னே வழுக்கி முழு எடையும் உள்ளங்கையில் விழுகிறது. பிறப்புறுப்புப் பகுதியில் மரப்பு இருந்தால் மாறாக மூக்கு மேலே தூக்கியிருக்கும். தட்டையிலிருந்து தொடங்கி மிகச் சிறிதாகத் திருத்துங்கள்.

முட்டியின் முன்புறம் வலி என்றால் சீட் தாழ்வு அல்லது கியர் கனம், பின்புறம் வலி என்றால் சீட் உயரம். மாற்றும் முன் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளந்து, கிளம்பும்போது இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். பத்து நாள் குலுக்கலில் சீட் தண்டு ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருப்பது சாதாரணம். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்தால் அடுத்த முறை வழியிலேயே தெரியும். திருத்துவது ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ.

காய்ச்சலைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. புல்லிலும் புதரிலும் உட்கார்ந்து வந்தவர்கள் முதல் நாளே அக்குள், இடுப்புப் பட்டி, தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். அட்டைக்கடி அரிக்கும், ஆறிவிடும். சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் பரப்பும் சிற்றுண்ணியின் கடியாக இருக்கலாம். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். மூன்று வாரத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் காட்டுப்பகுதிக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்தில் எளிய மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வழியில் நாய் கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ நாளாகிவிட்டது என்று விடாமல் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

எடை மெஷினில் முதல் வாரம் ஏறாதீர்கள். தசைகளில் சர்க்கரைச் சத்து நிரம்பும்போது அதன் மூன்று மடங்கு தண்ணீரும் சேரும், பாதமும் வீங்கியிருக்கும். எடை கூடியிருப்பது கொழுப்பு அல்ல. ஆனால் மலையில் பழகிய பசி இரண்டு வாரம் கூடவே வரும். மூன்றாம் நாளிலிருந்து சோற்றை மெல்லக் குறைத்து, பருப்பு, முட்டை, காயை அதே அளவில் வையுங்கள். பட்டினி வேண்டாம், சிதைந்த தசை கட்டிக்கொள்ளும் காலம் இது. காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். வழக்கத்தைவிட எட்டுப் பத்து அதிகமாக இருக்கும் வரை சைக்கிளில் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

மனதின் கணக்கு

உடம்பு ஓய்ந்த நான்காம் ஐந்தாம் நாளில் ஒரு வெறுமை வரும். வேலையில் கை ஓடாது, வீட்டில் எரிச்சல் வரும், இரண்டு மணிக்கு விழிப்பு வரும். இது பலருக்கும் வருகிறது. மலையில் ஒரு நாளைக்கு ஒரே கேள்விதான்: அடுத்த ஊர் எங்கே. அது நின்றதும் எல்லாக் கேள்விகளும் ஒன்றாக வந்து நிற்கின்றன. மலையில் எழுந்த அதே நேரத்தில் எழுந்து, நாற்பது நிமிடம் சமதரையில் மெதுவாக ஓட்டுங்கள். பயணத்தில் உங்களைத் தாங்கிய வீட்டாரின் வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நாள் அவர்கள் தனியாகச் சுமந்தது உங்கள் பையைவிடக் கனம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மருத்துவரிடமோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ பேசுங்கள்.

மாறிவிட்டேன் என்று உடனே அறிவிக்கவும் வேண்டாம், மாறவில்லை என்று தள்ளவும் வேண்டாம். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நடந்த மாற்றங்களை வினையாக எழுதுங்கள். "பொறுமை வந்தது" என்று எழுதினால் சரிபார்க்க முடியாது. "சிக்னலில் ஹாரன் அடிப்பவரிடம் பதில் பேசுவதில்லை", "ஒன்பதரைக்குத் தூங்குகிறேன்", "மூன்று சட்டையில் பத்து நாள் போனது", "மூன்று கி.மீ.க்குள் மோட்டார் சைக்கிளை எடுப்பதில்லை" என்று எழுதினால் முடியும். தேதி போட்டு, முப்பதாம் நாள் திறந்து, இன்னும் நடக்கிறவற்றுக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். ஒன்றோ இரண்டோ நிற்கும். நிற்பதைச் சுற்றி வழக்கத்தை அமையுங்கள், உதிர்ந்ததற்கு வருந்த வேண்டாம்.

கடைக்குப் போவதற்கும் அந்த முப்பது நாள் விதி உண்டு. பிரேக் கட்டை, பேடு, செயின், டயர், கம்பி, வெடித்த பிரேம் ஆகியவற்றை உடனே பாருங்கள். புதுப் பை, புதுச் சீட், புது ஹேண்டில் பார் எல்லாம் முப்பது நாள் காத்திருக்கட்டும். முதல் வாரத்தில் சீட்டைத் திட்டியவர் பலருக்குச் சீட் தண்டை ஒரு சென்டிமீட்டர் ஏற்றியதும் குறை போய்விடுகிறது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம், அதோடு குறைந்தது நூறு கி.மீ. ஓட்டம். சீட்டையும் ஹேண்டிலையும் ஒரே நாளில் மாற்றினால் வலி போனது எதனால், வந்தது எதனால் என்று ஒருபோதும் தெரியாது.

கடைசியாகக் கருவிப் பை. அதை மட்டும் பரணில் ஏற்றாதீர்கள், செலவானதை அன்றே நிரப்பிச் சைக்கிளிலேயே மாட்டுங்கள். டியூப் இரண்டு, டயர் நெம்பி மூன்று, பம்ப், எல் கீ செட், செயின் கருவி, செயின் இணைப்பு, 5 மி.மீ. போல்ட் இரண்டு, பஞ்சர் பட்டைகள். சொல்யூஷன் டியூபை அமுக்கிப் பாருங்கள். ஒரு முறை திறந்தது சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும், அது தெரிவது நடுவட்டத்து மழையில்தான். புதிது வாங்கி, மூடியைத் திறக்காமல் உள்ளே வையுங்கள்.